தாத்தா வெட்டிய நிலக்கரியும் மகளின் முதல் வேலையும்

வெயில் ஏறினால் என் கைப்பேசி ஓயாது. "அண்ணே, ஏர்கோன் சில்லுன்னு வரமாட்டேங்குது, இன்னிக்கே வந்து பார்க்க முடியுமா?" என்று காலை எட்டு மணிக்கே ஆரம்பித்துவிடுவார்கள். 27 ஆண்டுகளாக செலாயாங், பத்துமலை, கெப்போங், ராவாங் வட்டாரத்தில் ஏர்கோன் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் ஒரு ஏர்கோன் இருந்தால் அது வசதியான வீடு. இன்றைக்கு மூன்று அறைகள் கொண்ட சாதாரண அடுக்குமாடி வீட்டிலும் மூன்று இருக்கின்றன.

வெயில்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஆகவே பருவநிலை மாற்றத்தைப் பற்றி நான் எழுதினால், குடை வியாபாரி மழையைக் குறை சொல்வது போல உங்களுக்குத் தோன்றலாம். இருந்தாலும் எழுதுகிறேன். அதற்குக் காரணம் என் மகள்.

மின்பொறியியல் படித்து முடித்தவளுக்கு ஒரே மாதத்தில் இரண்டு வேலைகள் வந்தன. ஒன்று, எண்ணெய், எரிவாயுத் துறைக்குச் சேவை செய்யும் நிறுவனத்தில். திரெங்கானுவுக்குப் போக வேண்டும், நல்ல சம்பளம், கடலுக்குப் போனால் தனிப்படி. இன்னொன்று, தொழிற்சாலைக் கூரைகளில் சோலார் தகடுகள் பொருத்தும் சிறிய நிறுவனத்தில். சம்பளம் மாதத்துக்கு 900 ரிங்கிட் குறைவு. கல்விக் கடன் வேறு கழுத்தில் நிற்கிறது.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? எண்ணெய்த் துறைன்னா உன் காலம் முழுக்கக் கவலை இல்லே" என்றேன். என் மனைவியும் அதையே சொன்னார்.

சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமல் மகள் கேட்டாள்: "அப்பா, பத்து ஆராங்குல கொள்ளுத்தாத்தா வேலைக்குச் சேர்ந்தப்ப அவருகிட்டயும் யாராச்சும் இப்படித்தானே சொல்லியிருப்பாங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளை ஏற்றிக்கொண்டு வேனைப் பத்து ஆராங் பக்கம் விட்டேன்.

முதல் விளக்கு எரிந்த பாதை

செலாயாங்கிலிருந்து பத்து ஆராங்குக்குப் போகும் வழியே ஒரு வரலாற்றுப் பாடம். முதலில் வருவது ராவாங். 1894-இல் அங்கிருந்த ஈயலம்பத்தில் நீர் இறைக்கும் பம்புகளை ஓட்ட ஒரு மின்னாக்கியை நிறுவினார்கள். இந்த நாட்டில் மின்சாரத்தின் கதை தொடங்குவது அங்கேதான். அதைச் செய்தவர்கள் இருவர். ஒருவர் லோக் இயூ. மற்றவர் நம் கே. தம்புசாமிப் பிள்ளை. பத்துமலையில் முருகனுக்குக் கோயில் எழுப்பியவராகவே அவரை நாம் அறிவோம். ராவாங்கில் மின்சாரத்தைக் கொண்டு வந்தவர்களில் ஒருவர் அவர் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை.

ராவாங்கைத் தாண்டினால் பத்து ஆராங். மலாய் மொழியில் பத்து என்றால் கல், ஆராங் என்றால் கரி. நிலக்கரிக்கு மலாய்ப் பெயரே அதுதான். ஊருக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். 1915-இல் மலாயன் கோலியரீஸ் என்ற நிறுவனம் இங்கே நிலக்கரி வெட்டத் தொடங்கியது. நிலத்தடியில் குடைந்தும் வெட்டினார்கள், மேலே மண்ணைத் தள்ளிவிட்டுத் திறந்தவெளியிலும் வெட்டினார்கள். குவாங்கிலிருந்து கிளை ரயில் பாதை போட்டுக் கரியை ஏற்றிச் சென்றார்கள். மலாயாவின் ரயில்கள் அந்தக் கரியில் ஓடின. ஈயலம்பங்களின் எஞ்சின்களுக்கும் அதுவே தீனி. 1927-இல் கோலாலம்பூருக்கு வெளிச்சம் கொடுக்கத் தொடங்கிய பங்சார் மின் நிலையத்தின் அடுப்பிலும் எரிந்தது அந்தக் கரிதான்.

நாட்டின் மூச்சுக்குழாய் அந்தச் சிறிய ஊர்தான் என்பது 1937 மார்ச் மாதத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. கூலி போதவில்லை என்று தொழிலாளர்கள் வேலையை நிறுத்திச் சுரங்கத்தையே தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். கரி நின்றால் ரயிலும் விளக்கும் நின்றுவிடும் என்று பதறிய காலனி அரசு, ஆயுதப் படையை அனுப்பிச் சுரங்கத்தை மீட்டது. உழைப்பாளிகளிடம் அத்தனை பலம் இருந்ததற்குக் காரணம் அவர்கள் கையில் இருந்த எரிபொருள்.

என் தாத்தா அங்கே திறந்தவெளிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். எத்தனை முறை குளித்தாலும் காது மடலுக்குப் பின்னால் கறுப்பு போகாது என்று சொல்லிச் சிரிப்பார். 1960-இல் சுரங்கம் மூடப்பட்டது. அப்போது என் அப்பாவுக்கு 12 வயது. ஒரு தகரப் பெட்டியோடு குடும்பம் ராவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் போனது. பிறகு அப்பா லோரி ஓட்டக் கற்றுக்கொண்டு செலாயாங்குக்கு வந்தார். கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றி வருவார். அந்த லோரியின் டீசலில்தான் நாங்கள் நான்கு பிள்ளைகளும் வளர்ந்தோம்.

சம்பளம் வந்துகொண்டிருந்த மாதங்கள்

பத்து ஆராங்கில் இன்றும் பழைய செங்கல் புகைபோக்கிகள் நிற்கின்றன. கரி வெட்டிய குழிகளில் மழைநீர் தேங்கி ஏரிகளாகிவிட்டன. அடியில் பழைய சுரங்கப் பாதைகள் ஓடுவதால் அங்கே நினைத்த இடத்தில் நினைத்ததைக் கட்டிவிட முடியாது. ஒரு காலத்தில் நாட்டுக்கே எரிபொருள் கொடுத்த ஊர், ஞாயிறு காலையில் ஒரு நாய் குரைத்தால் கேட்கும் அளவுக்கு அமைதியாக இருந்தது.

கோப்பிக் கடையில் எங்கள் மேசைக்குப் பக்கத்தில் எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர். பேச்சுக் கொடுத்தோம். அவருடைய அப்பாவும் சுரங்கத் தொழிலாளிதான். என் மகள் நேராகவே கேட்டாள்: "தாத்தா, கரி தீர்ந்து போயிதான் சுரங்கத்தை மூடினாங்களா?"

"யாரும்மா சொன்னது? கரி இன்னமும் அடியில கெடக்கு. வாங்கத்தான் ஆள் இல்லாம போச்சு" என்றார்.

உண்மையும் அதுதான். 1950-களில் எண்ணெய் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. ரயில் எஞ்சின்கள் முதலில் எண்ணெய் எரிக்க மாறின, 1957-இல் டீசல் எஞ்சின்களும் வந்து இறங்கின. மின் நிலையங்களும் எண்ணெய்க்குத் திரும்பின. பத்து ஆராங் கரி அதிகத் தரமானதும் அல்ல. குவித்து வைத்தால் தானே தீப்பற்றிக்கொள்ளும் வகை. வாங்குபவர் ஒருவர் ஒருவராக விலகினார்கள்.

மகள் விடவில்லை. "அப்போ மூடப் போறாங்கன்னு எப்ப தெரிஞ்சது உங்க அப்பாவுக்கு?"

பெரியவர் கோப்பியை ஆற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "ரயில் எஞ்சின் மாறுனப்பவே தெரியும்மா. எல்லாருக்கும் தெரியும். ஆனா மாசம் பொறந்தா சம்பளம் வந்துச்சு. சம்பளம் வர்ற வரைக்கும் யாரு கெளம்புவா?"

திரும்பும் வழியில் நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை. ஒரு தொழிலின் முடிவு, அந்தப் பொருள் தீரும் நாளில் வருவதில்லை. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிடுகிறது. அதற்குள் இருப்பவர்களுக்குத் தெரியாமலும் வருவதில்லை. சம்பளம் வரும் வரை அதைப் பார்க்காமல் இருக்க நம்மால் முடிகிறது.

ஈயத்துக்கும் இதே கதைதான். உலகத்துக்கே ஈயம் அள்ளிக் கொடுத்த நாடு நம்முடையது. 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபோது லம்பங்கள் வரிசையாக மூடின. பள்ளத்தாக்கு முழுக்க இன்று நாம் பார்க்கும் பல குளங்கள் அந்த லம்பக் குழிகள்தாம்.

ஒரு லிட்டருக்குள் நாலு நாள் கூலி

எரிபொருள் என்றால் என்ன என்பதை நம் அன்றாடக் கணக்கில் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 9 யூனிட். மின்சாரக் கட்டண பில்லில் வருகிறதே, அதே யூனிட். திடமான ஒரு மனிதர் காலை முதல் மாலை வரை மண் சுமந்தால் அவர் உடல் கொடுக்கும் வேலை அரை யூனிட் தேறும். எஞ்சினில் முக்கால் பங்கு வெப்பமாக வீணாகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருப்பதும் ஓர் ஆளின் நாலு நாள் உழைப்புக்குச் சமம். அதற்கு நாம் கொடுப்பது, 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய மானியத் திட்டத்தின்படி, லிட்டருக்கு 1 ரிங்கிட் 99 காசு.

என் தாத்தா கூடை சுமந்தார். நான் வேனில் போகிறேன். இரண்டு தலைமுறைக்குள் நடந்த இந்த மாற்றத்துக்கு நம் உழைப்பும் படிப்பும் காரணம்தான். ஆனால் இந்த மலிவான ஆற்றலும் ஒரு பெரிய காரணம் என்பதை மறக்கக் கூடாது. விடியற்காலை மூன்று மணிக்கு செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். கேமரன் மலைக் கோசு, தாய்லாந்திலிருந்து வந்த வெங்காயத்தாள், துறைமுகத்திலிருந்து வந்த மீன், அதை உறைய வைத்த ஐஸ், இறக்கி வைக்கும் விளக்கு வெளிச்சம் என எல்லாமே எரிபொருள். நாம் சாப்பிடும் சாம்பாரில் பாதி டீசல் என்று அப்பா விளையாட்டாகச் சொல்வார்.

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை ஒரே இரவில் 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசுக்கு ஏறியது. என் வேனுக்கு 50 லிட்டர் ஊற்ற 107.50 ரிங்கிட் ஆனது, மறுநாள் 167.50 ஆனது. தகுதி பெற்ற சரக்கு லோரிகளுக்கு மானிய விலை தொடர்ந்தது. அதனால்தான் சந்தையில் கோசு விலை அதே வேகத்தில் ஏறவில்லை. அந்த ஒரு மாதத்தில் நான் என் வேலைகளை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துக்கொண்டேன். திங்கள் என்றால் கெப்போங், செவ்வாய் என்றால் ராவாங். விலை ஏறினால் மனிதன் தானாகவே திட்டமிடக் கற்றுக்கொள்கிறான்.

அரசாங்கம் ஏன் மானியத்தைக் குறைக்கிறது? நம்மிடம் எண்ணெய் இல்லையா? இருக்கிறது. ஆனால் பழைய மாதிரி இல்லை. 1910-இல் சரவாக்கின் மீரியில் ஒரு குன்றின் மேல் மரக் கோபுரம் கட்டி முதல் கிணற்றைத் தோண்டினார்கள். 1974-இல் பெட்ரோனாஸ் உருவானது. 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் எண்ணெய் உற்பத்தி உச்சத்தைத் தொட்டது, பிறகு இறங்கத் தொடங்கியது. 2007-இல் சபா கடலில் கிக்கே வயலிலிருந்து எண்ணெய் எடுத்தபோது, கடலின் தரையைத் தொடவே 1,300 மீட்டர் ஆழம் இறங்க வேண்டியிருந்தது. தென்னை மரத்தடியில் விழுந்து கிடக்கும் காய்களை முதலில் பொறுக்கிவிட்டோம். இப்போது மரம் ஏற வேண்டியிருக்கிறது. ஏறுவதற்கே தெம்பும் காசும் செலவாகின்றன. மரத்தில் காய் இன்னும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு காய்க்கும் நாம் கொடுக்கும் விலை கூடிக்கொண்டே போகிறது.

எரிவாயுவிலும் இப்படி ஒரு வேடிக்கை உண்டு. சரவாக்கின் பிந்துலுவிலிருந்து திரவ எரிவாயுவை உலகுக்கு விற்கும் நாம், 2013 முதல் மலாக்கா துறையில் கப்பல் வழியாகத் திரவ எரிவாயுவை இறக்கியும் கொள்கிறோம். தீபகற்பத்தின் தேவை அவ்வளவு வளர்ந்துவிட்டது.

கப்பலில் திரும்பி வந்த கரி

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. பத்து ஆராங்கில் நிலக்கரி வேண்டாம் என்று 1960-இல் மூடினோம். இன்றைக்குத் தீபகற்பத்தின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. கிள்ளானுக்கு அருகே காப்பார் மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகளைக் கடற்கரையிலிருந்து பார்த்திருப்பீர்கள். அங்கே எரியும் கரி இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. நான் பொருத்தும் ஏர்கோன் ஒவ்வொன்றும் அந்தக் கரியில் ஒரு பங்கைத் தின்கிறது. தாத்தா கரி வெட்டினார், பேரன் கரி எரிக்க வைக்கிறேன். இடையில் ஒரு கடல் வந்துவிட்டதால் கைகளில் கறுப்பு ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பின்னல் எவ்வளவு நுட்பமானது என்பதை நான் 1996-இல் பார்த்தேன். அந்த ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு மேல், திரெங்கானுவின் பாக்கா மின் நிலையத்துக்கு அருகே மின் தடத்தில் ஏற்பட்ட கோளாறு, சில நிமிடங்களில் தீபகற்பம் முழுவதையும் இருட்டாக்கியது. நான் அப்போது ஒரு பட்டறையில் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். சாலை விளக்குகள் அணைந்தன, வாகனங்கள் முட்டிக்கொண்டு நின்றன. எங்கள் வரிசை வீடுகளில் எல்லாரும் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டு மலாய் அம்மா விளக்கேற்றிக் கொடுத்தார், எதிர்வீட்டுச் சீனர் குளிர்பெட்டியில் உருகிய ஐஸ்கிரீமைப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தார். ஓர் இரவு என்பதால் அது இனிய நினைவாக நின்றுவிட்டது. பத்து நாள் என்றால்?

புகைக்கு வந்த பில்

எரிபொருள் விலையை நாம் பெட்ரோல் நிலையத்தில் கொடுக்கிறோம். அதன் புகைக்கான விலை வேறு வழியில் வருகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அளவெடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து இதுவரை மிக வெப்பமான ஆண்டு 2024 என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. காற்று சூடானால் அது தாங்கும் ஈரமும் கூடும். கூடிய ஈரம் ஒரே மூச்சில் கொட்டும்.

2021 டிசம்பர் 18-ஆம் தேதி, சனிக்கிழமை. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் வீட்டின் முதல் மாடியைத் தொட்டது. நாலு நாள் கழித்து என் வேலையாள்கள் இருவரோடு உதவிக்குப் போனேன். சுவரில் மாட்டியிருந்த ஏர்கோனுக்குள்ளிருந்து சேறு வடிந்தது. ஒரு வீட்டில் கல்யாண ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார் ஓர் அம்மா. "ஏர்கோன் கெடக்கட்டும் தம்பி, இந்தப் பொட்டியைக் கொஞ்சம் மேலே தூக்கி வைங்க" என்றார். அந்த ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் வந்த வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அந்த அம்மாவின் ஆல்பம் அந்தக் கணக்கில் இல்லை.

ஆக, இரண்டு பக்கமும் கயிறு இறுகுகிறது. ஒரு பக்கம், எரிபொருளை எடுக்கும் செலவு கூடுகிறது. மறு பக்கம், இருப்பதை எல்லாம் எரித்தால் வானம் சும்மா இருக்காது. பத்து ஆராங் மூடியபோது அதைவிட மலிவான, அதைவிட வசதியான எண்ணெய் கையில் இருந்தது. இன்றைக்கு அப்படி ஒன்று தயாராகக் காத்திருக்கிறதா?

கூரையில் பிடிக்கும் வெயில்

வெயில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நம் நாட்டில் 1 கிலோவாட் சோலார் தகடு ஒரு நாளைக்குச் சராசரியாக மூன்றரை யூனிட் கொடுக்கும். ஒன்றரைக் குதிரைத்திறன் ஏர்கோன் ஓர் இரவு முழுக்க ஓட ஏழெட்டு யூனிட் வேண்டும். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெயில் பகலில், ஏர்கோன் இரவில். மதியம் மூன்று மணிக்கு இடியுடன் மழை வந்தால் தகடு ஓய்வெடுக்கும். பகலில் விளைந்ததை இரவுக்குச் சேமிக்கப் பெரிய பேட்டரிகள் வேண்டும், ஓரிடத்தில் விளைந்ததை இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்ல வலுவான மின் கட்டமைப்பு வேண்டும். லோரியையும் கப்பலையும் சிமெண்டுச் சூளையையும் மின்சாரத்தில் ஓட்டுவது இன்னும் கடினம்.

இருந்தும் மாற்றம் நடக்கிறது. உலகில் முதல் நிலக்கரி மின் நிலையங்களில் ஒன்றை 1882-இல் லண்டனில் தொடங்கிய பிரிட்டன், 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை மூடிவிட்டது. நம் அரசாங்கம் 2023-இல் தேசிய எரிசக்தி மாற்றத் திட்டத்தை வெளியிட்டது. 2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தியாக இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. 2044-க்குள் நிலக்கரியை விட்டுவிடுவது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதே நேரம் ஜொகூரில் தரவு மையங்கள் வரிசையாக எழுகின்றன. அவற்றின் மின்சாரப் பசி பெரிது. ஒரு கையால் குடத்தில் நீர் ஊற்றிக்கொண்டே மறு கையால் ஓட்டை போடுகிறோமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

நாளைக்கே எல்லாம் இடிந்து விழும் என்று சொல்பவர்களை நான் நம்பவில்லை. எல்லாம் இன்று போலவே நடக்கும், எஞ்சின் மட்டும் மாறும் என்று சொல்பவர்களையும் நம்பவில்லை. பத்து ஆராங் எனக்குக் காட்டியது நடுவில் உள்ள ஒன்று. இறக்கம் மெதுவாக வரும். சில ஊர்களுக்கு முன்னால், சில ஊர்களுக்குப் பின்னால். தயாராக இருந்தவர்கள் இடம் மாறிப் பிழைத்துக்கொள்வார்கள். சம்பளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தகரப் பெட்டியோடு நிற்பார்கள்.

வீட்டில் பேச வேண்டியவை

என் தொழிலிலிருந்து சில சொல்கிறேன். ஏர்கோனை 18-இல் வைத்துவிட்டுப் போர்வை போர்த்தித் தூங்கும் வீடுகள் நிறைய. 25-இல் வைத்து மின்விசிறியைச் சேர்த்துப் போட்டாலே உடம்புக்குப் போதும், பில்லும் குறையும். வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுங்கள். அதற்கு என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. மேற்கு வெயில் படும் சன்னலுக்கு வெளிப்பக்கம் நிழல் கொடுங்கள். உள்ளே போடும் திரையைவிட வெளியே விழும் நிழல் அதிக வெப்பத்தைத் தடுக்கும். ஏர்கோன் அறையைக் குளிர்விக்கிறது என்பது பாதி உண்மைதான். உள்ளே உள்ள வெப்பத்தை எடுத்து, தன் வெப்பத்தையும் சேர்த்து வெளியே கொட்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதை வாங்கிக்கொள்கிறார்.

வாடகை வீட்டில் இருப்பவரால் கூரையில் சோலார் போட முடியாது. ஆனால் வீடு வாங்கப் போகும் இளைஞர்கள் வெள்ளம் ஏறும் இடமா, ரயில் நிலையம் பக்கமா என்று கேட்டு வாங்கலாம். மாதத் தவணை குறைவு என்று தூரமாக வாங்கிவிட்டு, முப்பது ஆண்டு எண்ணெய் விலையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசும்போது, "இதுல இப்ப எவ்வளவு சம்பளம்?" என்ற கேள்வியோடு இன்னொன்றையும் சேருங்கள்: "இந்தக் கைத்திறன் இருபது வருஷம் கழிச்சும் யாருக்கு வேணும்?" கம்பி இழுக்கத் தெரிந்தவர், பம்பு பழுது பார்ப்பவர், பயிர் வளர்ப்பவர், நோயாளியைக் கவனிப்பவர் ஆகியோர் எந்த எரிபொருள் வந்தாலும் தேவைப்படுவார்கள்.

லம்பத்தில் வளர்ந்த காடு

போன மாதம் ஒரு காலையில் மகள் என்னைக் கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகத்துக்கு நடக்கக் கூட்டிப்போனாள். கப்பூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு, வானத்தில் வரைபடம் போட்டதுபோல் நிற்கும் இடம் அது. இந்தக் காடு இயற்கையாக வந்ததல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் இது ஈயம் தோண்டிக் கைவிட்ட வெற்று நிலம். 1920-களில் மரம் நடத் தொடங்கினார்கள். நட்டவர்களில் யாரும் இந்த நிழலைப் பார்க்கவில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது.

அந்த நிழலில் உட்கார்ந்துதான் சொன்னாள். சோலார் நிறுவனத்துக்கே போவதாக முடிவு செய்துவிட்டாளாம்.

"900 ரிங்கிட் கம்மிம்மா" என்றேன், கடைசி முயற்சியாக.

"தெரியும்பா. எண்ணெய்த் துறை நாளைக்கே மூடிடும்னு நான் சொல்லலே. இருபது வருஷம்கூட நல்லாவே ஓடலாம். ஆனா அப்ப எனக்கு நாப்பத்தஞ்சு வயசு. அந்த வயசுல பொட்டியைத் தூக்க எனக்கு இஷ்டமில்லே."

எனக்கு முழு நிம்மதி என்று சொன்னால் அது பொய். சிறிய நிறுவனம், எத்தனை நாள் நிற்குமோ என்ற பயம் இருக்கிறது. கல்விக் கடன் தவணையில் பாதியை இரண்டு ஆண்டுக்கு நான் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். வெயில் இருக்கும்வரை எனக்கு வேலை இருக்கும், அதனால் முடியும். அவளும் ஒரு நிபந்தனை போட்டாள். கடையில் இருக்கும் இரண்டு பையன்களுக்கும் சோலார் பொருத்தும் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். சரி என்றேன். முதல் வகுப்பு வரும் சனிக்கிழமை, எங்கள் கடைக் கூரையில். மூன்றாவது மாணவனாக என்னையும் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.